ஓரக்கண்ணில் நிற்பவள்

ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறுவதற்கு முன்புதான். இரவுக் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும்; உளி பட்டதும் பால் தாராளமாக வழியும். அதனால் தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கு, இருட்டிலேயே முடிந்துவிடும். நெற்றி விளக்கும் உளியும் வாளியுமாக ஆட்கள் நிரைக்குள் இறங்கிவிடுவார்கள். மலேசியாவின் கோலா கங்சாரில் 1877-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ ஒன்பது ரப்பர் கன்றுகளை ஊன்றினார். அவற்றில் மிஞ்சிய ஒரு மரம் இன்றும் ஊருக்குள் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. அந்த நடவுக்குப் பிறகு பேராக் மாநிலத்தின் காடுகள் ஒவ்வொன்றாகக் கித்தாக்காடு ஆயின. மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் விடியலுக்கு முந்தைய பொழுதை அந்த மரங்களுக்கு நடுவில் கழித்தார்கள்.

தோட்டத் தொழிலாளர் லயத்துப் பேய்க்கதைகளில் எத்தனையோ அந்தப் பொழுதில் நடப்பவைதான். மோகினி என்பார்கள், முனி என்பார்கள், மலாய் அண்டை வீட்டுக்காரர் பொந்தியானாக் என்பார். பெயர் மாறினாலும் சம்பவம் ஒன்றேதான். நிரையின் கோடியில் வெள்ளையாக ஒருத்தி நின்றாள். திரும்பி நேராகப் பார்த்தேன், காணோம். மறுபடி மரத்தைச் சீவக் குனிந்தேன், அதே இடத்தில் நின்றாள்.

இதைச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவர் புத்தியும் பேதலிக்கவில்லை. மனிதக் கண்ணின் அமைப்பே அப்படி. விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. வெளிச்சத்தில் நிறமும் நுணுக்கமும் காட்டுபவை கூம்புச் செல்கள். மங்கலில் வேலை செய்பவை குச்சிச் செல்கள். நேராகப் பார்க்கும்போது உருவம் வந்து விழும் நடுக்குழியில் குச்சிச் செல் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அரையிருட்டில் மங்கலாகத் தெரியும் வெள்ளைப் பொருள் ஓரக்கண்ணுக்குத் தெரியும், நேர்ப்பார்வைக்கு மறைந்துவிடும். மங்கலான விண்மீனைப் பார்க்க வானியலாளர்கள் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, குச்சிச் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். நெற்றி விளக்கின் வெளிச்சம் மரத்தில் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கம் கெடும். விளக்கு வட்டத்துக்கு வெளியே பால்வெட்டுகிறவர் பாதிக் குருடர். பால் வழிந்து காய்ந்த ஒரு பட்டை, கிளையில் மாட்டிய ஒரு கிழிசல் துணி போதும். மீதியை மூளை வரைந்துகொள்ளும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அந்தச் சொலவடையில் உள்ள வரிசையைக் கவனிக்க வேண்டும். அரளுவது முதலில், பேய் பிறகு. இன்றைய நரம்பியல் சொல்வதும் இந்த வரிசையைத்தான். கண்ணிலிருந்து வரும் செய்தி முழுதாக வந்து சேரட்டும் என்று மூளை காத்திருப்பதில்லை. என்ன இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, வருகிற செய்தியை அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. செய்தி மங்கலாக இருந்தால் ஊகமே ஜெயிக்கும். நல்ல திகில் பட இயக்குநர் இந்த ஒப்பீட்டின் மேல்தான் கை வைக்கிறார். ஆளில்லாத நடைபாதையை அகலமாகக் காட்டிவிட்டு, நாயகியைச் சட்டகத்தின் ஒரு மூலையில் நிறுத்துகிறார். மிச்ச இடம் காலியாகக் கிடக்கிறது. அதை நாம் நிரப்பிக்கொள்கிறோம். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நூறு பேரும் அந்த இரண்டு நிமிடம் இல்லாததைத் தேடும் கண்களோடு இருக்கிறார்கள்.

தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏறி அமுக்குகிறதே, அந்த அமுக்குவான் பேயும் இதே வகை. மலாய்க்காரர்கள் ஹந்து திண்டே என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. சில நேரம் விழிப்பு முந்திக்கொள்கிறது, கட்டு அவிழப் பிந்திவிடுகிறது. கனவும் ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அறையின் மூலையில் யாரோ நிற்பது தெரியும், கத்த வாய் வராது. தூக்கம் கெட்டவர்களுக்கு இது அதிகம் வரும். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து ஓடும் உடம்புக்கு வந்ததில் வியப்பில்லை.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓலாஃப் பிளாங்க் என்ற நரம்பியலாளரின் குழு 2014-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. திகில் படம் எடுப்பவர்களும் அதை ஆழ்ந்து விரும்பிப் பார்ப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. மனநோய் எதுவும் இல்லாத ஆட்களின் கண்ணைக் கட்டினார்கள். முன்னால் உள்ள ஒரு கருவியை அவர்கள் கையால் அசைக்க வேண்டும். அந்த அசைவை அப்படியே வாங்கி, பின்னால் இருக்கும் இன்னொரு இயந்திரக் கை அவர்கள் முதுகைத் தொடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தபோது, தன் முதுகைத் தானே தொடுவது போல் இருந்தது என்றார்கள். பிறகு முதுகைத் தொடும் கையை அரை விநாடி தாமதிக்க வைத்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். உடனே சிலர் பின்னால் யாரோ நிற்பதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் அந்த உணர்வைத் தாங்க முடியாமல் பரிசோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

என்ன நடந்தது? நம் கை அசையும்போது, இப்படி ஓர் உணர்வு வரப்போகிறது, அது என்னுடையது என்று மூளை தனக்குத்தானே முன்கூட்டிச் சொல்லிக்கொள்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் அதனால்தான். அந்த முன்னறிவிப்பும் வந்த உணர்வும் அரை விநாடி பிசகினால், தன் செயலே அந்நியனின் செயல் ஆகிவிடுகிறது. மனச்சிதைவு நோயில் கேட்கும் குரல்களுக்கும் இதையே ஒரு முக்கிய விளக்கமாகச் சொல்கிறார்கள்: தனக்குள் தான் பேசும் பேச்சு, 'என்னுடையது' என்ற முத்திரையை இழந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த முத்திரையைப் பறிக்க ஒரு கம்பியும் கொஞ்சம் தாமதமும் போதுமானதாக இருந்தது.

ஆகவே இல்லாததைக் காண்பதும் கேட்பதும்தான் பைத்தியத்தின் எல்லைக்கோடு என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊரில் நிறையப் பேர் நிற்க நேரிடும். 18 நாடுகளில் 31,261 பேரிடம் விசாரித்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது இல்லாத காட்சியையோ குரலையோ உணர்ந்ததாகச் சொல்லியிருந்தார். இது தூக்கக் கலக்கத்தில் வந்ததையும் போதையில் வந்ததையும் கழித்துவிட்டு எடுத்த கணக்கு. இத்தகைய அனுபவம் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது ஒரே ஒரு தடவை வந்து போனது.

நோய் என்று உறுதியானவர்களிடம்கூடக் குரல் ஊருக்கு ஊர் மாறுகிறது. மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் மருத்துவர் பத்மாவதி முதலானோருடன் சேர்ந்து, சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய மூன்று இடங்களில் தலா 20 நோயாளிகளிடம் பேசினார். அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்களில் சித்திரவதையும் போரும் நிறைந்திருந்தன. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது உறவுக்காரர்களின் குரல்: குளி, சாப்பிடு, வீட்டு வேலையைப் பார் என்று விரட்டும் குரல். அதற்காகச் சென்னைக்காரர்கள் சுகமாக இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர்களும் வதைபட்டவர்களே. ஆனால் அந்தக் குரலுக்கு முகம் கொடுப்பது நாம் வளர்ந்த வீடு. வளர்ந்த வீட்டில் சினிமாவும் அடக்கம்.

மலாய்த் தீபகற்பத்தின் பேய்ப்படங்களைத் தொடங்கி வைத்ததில் நம்மவர் கை உண்டு. 1957-இல் 'பொந்தியானாக்' படத்தை இயக்கிய பி.என்.ராவ் அதற்கு முன்பு தமிழில் 'ரம்பையின் காதல்', 'மதனகாமராஜன்' எடுத்தவர். 1958-இல் 'ஓராங் மிஞ்ஞாக்' எடுத்த எல்.கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அந்தப் படங்களில் பேய் பேய்தான். பார்த்தவர் புத்தி சரியா என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தக் கேள்வியை வைத்தே ஆட்டம் ஆடும் மரபு வேறு. 1920-இன் 'டாக்டர் கலிகாரி' படத்தில், அத்தனை நேரம் கதை சொன்னவனே மனநோய் விடுதியில் இருப்பவன் என்று கடைசியில் தெரியவரும். 1961-இன் 'தி இன்னொசென்ட்ஸ்' அந்த வீட்டில் ஆவி உண்டா, அல்லது ஆசிரியைக்குத்தான் மனம் கலங்கியதா என்பதைச் சொல்லாமலே முடியும். எனக்கு இந்த வகையில் அதுதான் ஆகச் சிறந்த படம். பார்ப்பவரின் மனத்தை அது மதிக்கிறது.

அந்தோணி பர்ஜஸ் 1950-களில் கோலா கங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1956-இல் வந்த தன் முதல் நாவலில் இந்த ஊருக்குக் கோலா ஹந்து என்று, அதாவது பேயின் ஆற்றுமுகம் என்று பெயர் வைத்தார். இங்கிருந்து ஈப்போ போகும் ரயில் பாதையில் சுங்கை சிப்புட், செம்மோர் தாண்டினால் தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கான மனநோய் விடுதி அங்கே திறக்கப்பட்டது. 1971-இல் அதற்குப் பஹாகியா மருத்துவமனை, மகிழ்ச்சி மருத்துவமனை, என்று பெயர் மாற்றினார்கள். ஊர் வாயில் பெயர் மாறவில்லை. சென்னையில் ஒருவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேலி செய்கிறார்களே, அதேபோல் மலேசியா முழுக்க ஓர் ஊர்ப் பெயரே பைத்தியத்துக்குப் பெயராகிவிட்டது. அந்த ஊரில் குடியிருப்பவர்கள் வெளியூர் போய்த் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூச வேண்டியிருக்கிறது.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், 'சந்திரமுகி'யிடம் போக வேண்டியிருக்கிறது. 1993-இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' கன்னடத்தில் 2004-இலும் தமிழில் 2005 ஏப்ரல் 14 அன்றும் பி.வாசுவின் கையால் மறுபிறவி எடுத்தது. இங்கே அதைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் அரிது. கட்டில் காட்சி யாருக்கும் மறந்திருக்காது. வெளியே போக வேண்டாம் என்று மனைவி கங்காவைச் செந்தில் தடுக்கிறான். கங்காவின் புருவம் நெளிகிறது, பார்வை ஒரு இடத்தில் குத்தி நிற்கிறது, குரல் அடியில் இறங்குகிறது, கை கட்டிலைத் தூக்குகிறது. கணவன் அலறியதும் எல்லாம் வடிந்துபோய், என்ன நடந்தது என்று தெரியாத ஒரு பெண் விழித்துக்கொண்டு நிற்கிறாள். ஜோதிகா அந்தக் கணத்தை அற்புதமாகச் செய்திருக்கிறார். மருத்துவமும் அந்த இடத்தில் சரியாக இருக்கிறது: அடையாளம் பிளவுபடும் கோளாறில், ஒரு நிலையில் நடந்தது மறு நிலையில் நினைவில் இல்லாமல் போவது முக்கிய அறிகுறிகளில் ஒன்று.

பேய் என்று கிராமமே நம்பும்போது, இது நோய் என்று ஒரு மருத்துவர் சொல்கிறார். சூப்பர் ஸ்டார் வாயால் சொல்கிறார். அது சாதாரணக் காரியம் இல்லை, நன்றியோடு குறிப்பிட வேண்டியது. ஆனால் அதே படம், சொன்னதைத் தானே விழுங்குகிறது. அந்த நோயாளி கொலை செய்யக் காத்திருப்பவள். அவளுக்குச் சிகிச்சை, துர்காஷ்டமி இரவில் ஒரு பொம்மையைக் கதையின் கொடிய அரசன் வேட்டையனாக்கி எரிக்க விடுவது. அடுத்த காட்சியில் கங்கா தெளிந்துவிடுகிறாள். சிறுவயதுத் துன்பத்தின் வேர்களைப் பேசிப் பேசி ஆண்டுக்கணக்கில் அவிழ்க்க வேண்டிய ஒன்று ஒரே இரவில் தீர்கிறது. அரண்மனைக்குள் ஊரும் பெரிய பாம்புக்கு மருத்துவர் விளக்கம் தரவே இல்லை. 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மருத்துவரையே காணோம்; ஆவி நிஜமாகவே வந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் நம் சினிமா முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டது.

படம் நோயைக் காட்டுவதோடு நிற்பதில்லை, நோய்க்கு வடிவமும் தருகிறது. அமெரிக்காவில் 1973-இல் 'சிபில்' என்ற நூலும் 1976-இல் அதன் படமும் வந்தன. பதினாறு ஆளுமைகள் கொண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கதை. அதற்கு முன் மிக அரிதாக இருந்த நோயறிதல், அதன் பின் ஆயிரக்கணக்கில் பெருகியது. தத்துவ அறிஞர் இயான் ஹாக்கிங் இதை ஒரு சுழற்சி என்றார். மனிதர்களை ஒரு வகையாகப் பெயரிட்டால், அவர்கள் அந்தப் பெயருக்கேற்ப நடக்கத் தொடங்குகிறார்கள். அந்த நடத்தை பெயரை உறுதி செய்கிறது. சந்திரமுகியைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு நாளை மனம் பிளந்தால், கால் சலங்கையோடு வருவதற்கும் வாய்ப்பு உண்டு.

அப்படியானால் கோடு எங்கே இருக்கிறது? ஆடி மாதத்தில் ஏதாவது ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் போய்ப் பார்க்கலாம். உடுக்கை ஏறுகிறது, சாம்பிராணிப் புகை அடர்கிறது, விரதம் இருந்த ஒரு அம்மாவுக்குச் சாமி வருகிறது. கண் செருகி, குரல் மாறி, கூட்டத்துக்கு நடுவே ஒருவரைக் கூப்பிட்டு வாக்குச் சொல்கிறார். பூசாரி நெற்றியில் திருநீறு வைத்ததும் மலையேறிவிடுகிறது. மறுநாள் காலை அவர் வழக்கம் போல் பெரட்டுக்குப் போகிறார். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலையில் காவடி எடுப்பவரும் அப்படியே. மலேசியாவின் தைப்பூச அருள்நிலையை ஆராய்ந்து கொலீன் வார்டு 1984-இல் கட்டுரை எழுதினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அதை நோயாகப் பார்க்கவில்லை. பயிற்சியும் விரதமும் கூட்டமும் சேர்ந்து உண்டாக்கி, அதே கூட்டம் இறக்கிவைக்கும் மனநிலையாகவே பார்த்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, ஆவேச நிலையை நோய் என்று எப்போது கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது அழைக்காமல் வர வேண்டும், வேண்டாமல் வர வேண்டும், அந்தச் சமூகம் ஏற்ற வழிபாட்டுக்கு வெளியே வர வேண்டும், அந்த ஆளை வதைக்க வேண்டும் அல்லது அன்றாடத்தைக் குலைக்க வேண்டும். அனுபவசாலிப் பூசாரி இதைச் சொல்லாமலே செய்கிறார். வந்திருப்பது யார் என்று கேட்கிறார். திருநீறுக்கு இறங்குகிறதா என்று பார்க்கிறார். திருவிழா முடிந்தும் அந்தப் பெண் தூங்காமல், சாப்பிடாமல், சுவரோடு பேசிக்கொண்டிருந்தால் இது சாமி இல்லை என்று சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் எங்கே கைகாட்டுகிறார் என்பதில்தான் அந்தப் பெண்ணின் மீதி வாழ்க்கை தொங்குகிறது.

கிளந்தானில் மலாய் மனநோயாளிகளிடம் நடத்தி 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் நோய்க்குக் காரணம் அமானுஷ்யம் என்றார்கள். அப்படி நம்பியவர்கள் போமோ எனப்படும் மலாய் மந்திரவாதியிடம் அதிகம் போனார்கள், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நம் குடும்பங்களில் நிலைமை வேறு என்று நினைத்துக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் இல்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி அப்படி வந்து சேர்ந்தவர்களுக்காகத் தனியார் காப்பகங்கள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அவற்றில் ஒன்றில் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். திகில் படத்தில் சங்கிலியில் கிடப்பவனைப் பார்த்து ஊர் பயப்படும். ஏர்வாடியில் கேடு வந்தது சங்கிலியில் கிடந்தவர்களுக்கே. கடும் மனநோய் உள்ளவர்களால் நிகழும் வன்முறை, சமூகத்தின் மொத்த வன்முறையில் சுமார் 4 விழுக்காடு என்று அமெரிக்க ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. அவர்கள் அடிபடுவதே அதிகம்.

இன்னொரு படத்தைச் சொல்லியாக வேண்டும். 1973-இன் 'தி எக்ஸார்சிஸ்ட்'. ரீகன் என்ற சிறுமி கெட்ட வார்த்தை பேசுகிறாள், உடம்பு முறுக்கிக்கொள்கிறது, குரல் மாறுகிறது. மருத்துவர்கள் கழுத்துத் தமனியில் ஊசி குத்திப் படம் பிடிக்கிறார்கள், ஒன்றும் கிடைப்பதில்லை, பாதிரியார் வருகிறார். படம் வந்து 34 ஆண்டுகளுக்குப் பிறகு, 2007-இல், ஹோசெப் தல்மாவு என்ற நரம்பியலாளர் பன்னிரண்டு பெண்களின் நோயை விவரித்தார். சில நாள் காய்ச்சலும் தலைவலியும். பிறகு பயம், மாயக் குரல், வெறி. பிறகு வாயும் கையும் தானாகக் கோணி இழுத்துக்கொள்வது, வலிப்பு, நினைவிழப்பு. பலருக்கு முதலில் மனநோய் என்றே பெயர் எழுதப்பட்டிருந்தது. உண்மையில், பெரும்பாலும் கருப்பையை அடுத்த சூலகத்தில் இருந்த ஒரு கட்டியை எதிர்க்க உடல் செய்த எதிர்ப்பொருள், மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளையும் சேர்த்துத் தாக்கியிருந்தது. கட்டியை எடுத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தபோது பலர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கட்டி இல்லாமலும் இந்த நோய் வரும், ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் என்பது பின்னால் தெரிந்தது. 577 நோயாளிகளை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளில் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். யார் மீள்வார்கள் என்பதை முன்கூட்டிச் சொன்ன காரணிகளில் ஒன்று, சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்கியது என்பது. காய்ச்சல் விட்ட கையோடு திடீரென்று பிதற்றத் தொடங்கிய பிள்ளையை வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவதானால் போகட்டும். அன்றைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக வேண்டும். அங்கே முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பரிசோதித்தால் அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.